கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை

கமரா வாங்கின கிழமையே
கல்லடிப் பாலத்துக்குக் கொண்டுபோய்
இரும்புச் சட்டங்களை எண்ணினேன்.
சன்னலுக்குள் மிதக்கிற வெள்ளைக் கோட்டுக்குள்
பத்து.
கழுவி எடுத்த பிலிமில் பதினொன்று,
பன்னிரண்டாவதன் துரு பிடித்த ஓரமும்.

ஏமாற்றிவிட்டான் விற்றவன் என்று
இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.
மூன்றாம் நாள் ஸ்டூடியோச் சுவரில்
தையற்காரரின் அளவுநாடாவை ஒட்டி
ஒரு மீற்றரில் நின்று பிடித்தேன்.
கோடு சொன்னது அறுபத்து நாலு.
பிலிமும் அறுபத்து நாலு.
அப்போதுதான் விளங்கியது:
கோட்டைக் கீறியவன்
கிட்ட நிற்பவருக்காகக் கீறியிருக்கிறான்.
தள்ளிப் போகப் போக
கண்ணுக்குச் சொல்லாமல்
பிலிம் கொஞ்சம் கொஞ்சமாய் அகலும்.

விளங்கியதை மறந்தும் போனேன்.

ஆரையம்பதியில் கலியாணம்.
கோயில் வீதியில் கதிரை போட்டு
இருபத்திரண்டு பேர்.
கணபதிப்போடியார் என் காதுக்குள் குனிந்தார்:
"மூத்தவள் வந்து நிக்கிறாள்.
வராதை எண்டு சொல்ல ஏலாது.
படத்துக்குள்ள மட்டும் விழப்படாது."

பன்னிரண்டு மீற்றர் பின்னால் போனேன்.
இந்தக் கமராவில் ஒரு வசதி,
கோட்டுக்கு வெளியே நிற்பவரும் தெரிவார்கள்.
குகநிதி தெரிந்தாள்.
நீலச் சேலை, கையில் பரிசுப் பெட்டி,
வெயிலுக்குச் சுருங்கிய கண்.
வலப்பக்கக் கோட்டை
அவளுக்கும் தாய்க்கும் நடுவே
கதவு சாத்துவதுபோல் நிறுத்திவிட்டு
நடுவில் இருந்த மஞ்சள் கட்டத்தில்
மாப்பிள்ளையின் இரண்டு தலைப்பாகையை
ஒன்றாக்குவதில் கவனம் போனது.

இருட்டறையில்
சிவப்பு வெளிச்சத்தின் கீழே, தட்டுத் தண்ணீரில்
முதலில் வந்தது தலைப்பாகை.
பிறகு பற்கள், மாலைகள், கதிரைக் கால்கள்.
கடைசியாக ஓரத்தில்
அரைவாசிக் குகநிதி.
அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி
இன்னொரு கை.
ஆறு காப்பு. கண்ணாடி நாலு, பொன் இரண்டு.
கையின் வழியே மேலே போனால் முழங்கை,
முழங்கைக்கு மேலே தங்கநாச்சி,
நேரே என்னைப் பார்த்து,
சிரிக்காமல்.

போடியார் படத்தைத் தூக்கிப் பார்த்தார்.
கீழே வைத்தார்.
"நான் சொன்னனான் தானே."
"கோடு சரியாத்தான் இருந்தது ஐயா" என்றேன்.
"கோட்டை எனக்கு ஏன் சொல்றாய்? வெட்டு."

வெட்டினேன்.
பன்னிரண்டு பிரதி, பன்னிரண்டு கீற்று.
எல்லாப் பிரதியிலும் தங்கநாச்சி
முழங்கையோடு நின்றுபோனார்.
மாப்பிள்ளை வீட்டில் ஒரு மாமா
"படம் பிடிச்சவனுக்குக் கண் சரியில்லையோ,
மனிசியின்ர கையைக் காணேல்ல" என்றாராம்.
அதற்கு இருபத்தைந்து ரூபாய் குறைத்துத் தந்தார்கள்.

மாசி மாதம், மழை விட்ட ஒரு மத்தியானம்
கடையில் நான் தனியே.
தங்கநாச்சி குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்தார்.
கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.
சுவரில் இருந்த அளவுநாடாவையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மனே,
வெட்டின மிச்சம் இருக்கா?"

லாச்சியைத் திறந்தேன்.
பன்னிரண்டும் றப்பர் வளையத்துக்குள் இருந்தன.
ஒன்றை மட்டும் உருவி எடுத்தார்.
ஒரு விரற்கடை அகலம்.
இரண்டு கை, ஒரு தோள்,
பெட்டியின் ஒரு மூலை.

"இதுக்கு எவ்வளவு?"

நான் பில் புத்தகத்தைப் பார்த்தேன்.
அளவு, பிரதி, தொகை என்று மூன்று கட்டம்.
கோட்டுக்கு வெளியே விழுந்ததை எழுத
அதில் இடமில்லை.
"விலை இல்லையம்மா."

பஸ் சீட்டை மடிப்பதுபோல்
பேர்ஸின் உள்ளறையில் வைத்தார்.
போகும்போது வாசலில் நின்று கேட்டார்:

"எவ்வளவு தூரத்தில நிண்டனீ அண்டைக்கு?"

"பன்னிரண்டு மீற்றர்."

"இன்னும் கொஞ்சம்
பின்னால போயிருக்கலாம்."